ஒக்கலிபுரம் பீட்டர்

அத்தியாயம் 14

"சோஃபி இன்னிக்கு இன்னா கலர் பொடவை?" என்று கேட்டுக்கொண்டே ஞானசேகரன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.

கேள்வி என்னவோ சாதாரணக் கேள்விதான். நோராவுக்குத்தான் காலங்காத்தாலேயே வயிறு எரிந்தது. தட்டில் வைத்த இட்லி வைத்தபடி இருந்ததைப் பார்த்தாள். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கவில்லை.

"எனக்கு எப்படிப்பா தெரியும்? டிவியைப் போட்டா தெரியப் போகுது."

"வயலெட்னா அவளுக்கு எடுப்பா இருக்கும். பார்த்தா சொல்லு."

எனக்கு எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்று இவருக்குத் தெரியுமா? இந்த பொம்மனஹள்ளி மாடி வீட்டில் அவருக்குச் சமைத்து, துவைத்து, மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுப்பவள் நான். கல்யாணம் ஆகிப் புருஷன் டேரிலோடு தனியாகப் போய்விட்டவள் அவள். ஆனால் காலையில் கண் திறந்ததும் இவர் வாயில் வருவது சோஃபி, சோஃபி. நோரா குக்கரைத் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள்.

ஞானசேகரன் கண்ணாடி முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். "வணக்கம் டாக்டர். நான் ஒக்கலிபுரத்துல இருந்து பீட்டர் பேசறேன். முட்டி வலி டாக்டர். மாடி ஏற முடியல..." திரும்பி மகளைப் பார்த்தார். "சரியா இருக்குதா?"

"அவார்டே கொடுக்கலாம்."

"கொஞ்சம் எரிச்சலா கீதும்மா. ராத்திரி பிரியாணி ஒத்துக்கல போல."

"சோடா குடிங்க" என்றாள் நோரா, பையைத் தோளில் மாட்டியபடியே.

தொடரைத் தவறாமல் படிப்பவர்களுக்கு இந்த ஒக்கலிபுரம் பீட்டரைப் பற்றித் தெரியும். நடுவில் ஊருக்குப் போய் ஒரு வாரம் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பூந்தோட்டம் டிவி என்பது பெங்களூர்த் தமிழர்களுக்காகக் கேபிளிலும் யூடியூபிலும் ஓடுகிற சின்ன சேனல். அதில் காலை நிகழ்ச்சி 'உடம்பு சௌக்கியமா?' நேயர்கள் போன் செய்து வியாதியைச் சொல்வார்கள், ஸ்டூடியோவில் இருக்கும் டாக்டர் நேரலையில் பதில் சொல்வார். பல வருடம் அதை நடத்தியவள் நோரா. போன கிறிஸ்துமஸ் முடிந்ததும் புரொட்யூசர் ராம்கி, "கொஞ்சம் ஃப்ரெஷ்ஷா ஒரு முகம் வேணும், தப்பா எடுத்துக்காதே" என்றார். அந்த ஃப்ரெஷ் முகம் நோராவின் சொந்தத் தங்கை. நோராவுக்கு ஸ்டூடியோக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் போன் மேஜை கிடைத்தது. போன வாரம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸின் முதுகில் சோஃபியா ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று நோரா வெயிலில் நின்றாளே, அங்கேதான் விட்டோம்.

நேரலையில் போன் வராவிட்டால் நிகழ்ச்சி நடத்துகிறவர் முகம் செத்துப்போகும். அதனால் ஸ்டாஃப் எல்லாரும் வீட்டு ஆட்களைப் போன் செய்யச் சொல்வார்கள். பொய்ப் பெயர், பொய் ஏரியா, பொய் வியாதி. சேனலில் இதற்கு 'செட்டப் கால்' என்று பெயர். ராம்கியின் மாமியாருக்கு இதுவரை வராத வியாதியே கிடையாது.

நோரா நடத்திய காலத்தில் அப்பாவை ஒரே ஒரு தடவை கேட்டாள். "டிவியில பொய் சொல்றதெல்லாம் எனக்கு வராதும்மா" என்று சொல்லிவிட்டார். தங்கவயல் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த மனுஷன், நேர்மையானவர் என்று நோராவும் விட்டுவிட்டாள். சோஃபியா அந்த நாற்காலியில் உட்கார்ந்த அடுத்த வாரமே ஒக்கலிபுரம் பீட்டர் பிறந்துவிட்டார். "உன் டைம்ல லைன் கெடைக்காம ஜனங்க திட்டுவாங்க. இவளுக்கு யாரு இருக்கா, பாவம்" என்றார் அப்பா. அதில் நோராவின் காதில் விழுந்தது அந்தப் 'பாவம்' மட்டும்தான்.

அன்று புடவை வயலெட்தான்.

மேக்கப் அறையில் சோஃபியா அக்காவைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குக் கள்ளம் தெரியாது. நோராவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"அக்கா, எப்படி இருக்கு? நேத்து சர்ச் முடிஞ்சு வெளிய வரும்போது அப்பா கொடுத்தாரு."

காதைக் காட்டினாள். முத்துத் தோடு. அம்மாவின் முத்துத் தோடு.

நோரா தோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது அந்தத் தோட்டைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி பீரோவில் வைத்தவள் நோரா. பீரோ இருப்பது அவள் வீட்டில். சாவி தொங்குவது அவள் சமையலறையில். அப்பா எப்போது எடுத்தார்? ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள்.

"உனக்கும் ஏதோ எடுத்து வெச்சிருக்காராம் அக்கா. சொல்ல மாட்டேன்னுட்டாரு."

இது ஆறுதலுக்குச் சொல்கிற பொய் என்று நோரா முடிவு கட்டிவிட்டாள். கண்ணாடியின் இந்தப் பக்கம் வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே திரையில் தங்கை சிரித்தாள். ஒவ்வொரு தடவை தலையைச் சாய்க்கும்போதும் முத்து மின்னியது.

அன்றைக்கு விருந்தினர் டாக்டர் ரக்ஷிதா, இதய நோய் நிபுணர். கன்னடக்காரர், ஆனால் அழகாகத் தமிழ் பேசுவார். நிகழ்ச்சி தொடங்கி முதல் நேயர் தன் பிரஷர் மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே நோராவின் மேஜையில் விளக்கு எரிந்தது.

"பூந்தோட்டம் டிவி, சொல்லுங்க."

"நோரா..."

"அப்பா? ரெண்டாவது பிரேக்குக்கு அப்புறம்தானே பண்ணச் சொன்னேன்? அதுக்குள்ள என்ன அவசரம்?"

"இல்லம்மா... நெஞ்சுல இன்னாவோ மாதிரி கீது. கையெல்லாம்..."

"முட்டிதானே இன்னிக்கு? நெஞ்சு எங்க வந்துச்சு நடுவுல?"

"கேளும்மா... நோரா..."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோஃபியா டாக்டரின் பதிலுக்குத் தலையாட்டினாள். முத்து ஆடியது. நோராவுக்கு எங்கேயோ சுரீரென்றது. ஹார்ட் டாக்டர் வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு முட்டியை நெஞ்சாக்கிவிட்டார்! செல்ல மகளின் நிகழ்ச்சி இன்னும் கொஞ்சம் எடுபட வேண்டும் அல்லவா? எனக்காக ஒரு ஜலதோஷம் கூட வராத மனுஷன்!

"அவளுக்கு முட்டி வலி பத்தலையா? ஹார்ட் அட்டாக்கே வேணுமா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "அப்படியே இருங்க. லைனை வெச்சிடாதீங்க."

பட்டனை அழுத்தினாள். முறை வரும்வரை அப்பாவின் காதில் புல்லாங்குழல் ஒலிக்கும்.

கொஞ்ச நேரம்தான் என்று நோரா பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் போகிறாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு இருமல் என்று ஒரு அம்மாவும், தலை சுற்றுகிறது என்று ஒரு பெரியவரும் பேசி முடித்துவிட்டார்கள். நோரா வேண்டுமென்றே அவர்களை முன்னால் விட்டாள். காத்திருக்கட்டும். நான் எத்தனை வருடம் காத்திருக்கிறேன்.

"நோரா, லைன்! லைன் எங்கே?" என்று ராம்கி பின்னாலிருந்து கத்தினார். வேறு கால் இல்லை. அவள் அப்பாவின் லைனை ஏரில், அதாவது நேரலையில், விட்டாள்.

திரையில் சோஃபியாவின் முகம் மலர்ந்தது. "அடுத்து நம்மகிட்ட பேசுறது ஒக்கலிபுரத்துல இருந்து பீட்டர் ஐயா! வணக்கம் ஐயா, முட்டி எப்படி இருக்கு?"

"முட்டி இல்ல... நெஞ்சு..."

"என்ன ஐயா, முட்டி மேல ஏறிடுச்சா?" என்று சோஃபியா சிரித்தாள்.

டாக்டர் ரக்ஷிதா சிரிக்கவில்லை. கையைத் தூக்கி சோஃபியாவை நிறுத்தினார். "ஐயா, வேர்க்குதா உங்களுக்கு? இடது கை வலிக்குதா?"

"வேர்... வேர்க்குது..."

"கூட யார் இருக்காங்க?"

எதுவோ விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. அது ஸ்டூடியோ முழுக்க, பெங்களூரில் அந்த சேனலைப் போட்டிருந்த வீடு முழுக்கக் கேட்டது.

அப்பாவுக்கு இவ்வளவு நடிப்பு வராது. நோரா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அட்ரஸ்! அவர் அட்ரஸ் என்ன? பேகா ஹேளி!" சீக்கிரம் சொல்லுங்கள் என்பதற்குப் பதற்றத்தில் டாக்டருக்குக் கன்னடம் வந்துவிட்டது. அவரிடம் போன் இல்லை. நேரலைத் தளத்துக்குள் யாரும் செல்போன் கொண்டுவரக் கூடாது, எல்லாவற்றையும் வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். லைட் பையன் ஒருவன் லாக்கருக்கு ஓடி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, "ஒக்கலிபுரம், பீட்டர்னு ஒருத்தர்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

ஒக்கலிபுரத்தில் எந்தப் பீட்டரும் இல்லை. இது ஸ்டூடியோவில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருத்தி கேமரா முன்னால் இருந்தாள். ஒருத்தி போன் மேஜையில் இருந்தாள். மூன்றாவது ராம்கி.

"யாரும் கட் பண்ணாதீங்க!" என்று ராம்கி மைக்கில் சொன்னார். "சோஃபியா, பேசிக்கிட்டே இரு. கேமரா டூ, டாக்டர் முகம் க்ளோஸ் போ. கீழே ஸ்க்ரோல் போடுங்க, நேரலையில் நேயருக்கு நெஞ்சுவலின்னு."

"சார், அது நிஜம் சார். எங்கப்பா சார்."

"தெரியும்மா. உட்காரு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டாங்க இல்ல?"

"ஒக்கலிபுரத்துக்கு அனுப்புறாங்க சார்! அவர் பொம்மனஹள்ளியில இருக்காரு!"

"அதை ஏர்ல சொல்ல முடியுமா? செட்டப் கால்னு தெரிஞ்சா சேனலை மூடிட்டுப் போக வேண்டியதுதான். வெளியே போய் மெதுவா சொல்லு, போ."

வெளியே போய் மெதுவாகச் சொல்ல நேரம் இல்லை. நோராவின் மேஜையில் இன்னொரு லைன் இருந்தது. ஆம்புலன்ஸ் திரும்பி வருவதற்குள் மாடிக்குப் போய்ச் சேரக்கூடியவர் ஒருவர்தான். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர், கீழ் வீட்டு ஓனர் கோவிந்தனுடையது. அவருடைய ஆட்டோவின் பின்னால் எழுதி வைத்திருப்பார், தினமும் கண்ணில் படும்.

"கோவிந்தண்ணே, நோரா பேசறேன். அப்பா மாடியில விழுந்துட்டாரு. நெஞ்சு வலி. கதவை உடைச்சாவது உள்ள போங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கண்ணே!"

"ஐயோ, சாருக்கா? இப்பதான் வண்டியைத் தொடச்சிக்கினு இருந்தேன். இரும்மா, இதோ!" போனை அங்கேயே போட்ட சத்தம் கேட்டது.

அப்போதுதான் திரையில் சோஃபியா காதில் இருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தாள்.

"அவர் பீட்டர் இல்ல" என்றாள் கேமராவைப் பார்த்து. "எங்கப்பா. அவர் பேரு ஞானசேகரன். ஒக்கலிபுரம் இல்ல, பொம்மனஹள்ளி. நாங்கதான் பொய் சொல்லிக் கூப்பிட வெச்சோம். பக்கத்துல யாராவது இருந்தா போங்க, தயவு செஞ்சு போங்க. அப்பா! அப்பா, நான் சோஃபி!"

கண்ணில் தண்ணீர் கொட்டியது. மை கலையவில்லை. அந்த நேரத்தில் கூட நோரா அதைக் கவனித்தாள், அதற்காகத் தன்னையே வெறுத்தாள். ஊர் கேட்க 'எங்கப்பா' என்கிறாள். நான் மேஜைக்குக் கீழே குனிந்து குசுகுசுவென்று பேசினேன்.

ஏரில் இருந்த அப்பாவின் லைனில் தடதடவென்று படி ஏறும் சத்தம். கதவு உடைந்தது. "சார்! சார்! கண்ணைத் தொறங்க சார்!" என்று கோவிந்தனின் குரல் பெங்களூர் முழுக்கக் கேட்டது.

பார்த்தவர்கள் எல்லாரும் என்ன நினைப்பார்கள்? மகள் டிவியில் கதறினாள், கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடினார். அவ்வளவுதான்.

"இந்த போனை ஏர்ல இருந்து எடுங்க" என்றார் டாக்டர் ரக்ஷிதா, கண்ணாடிப் பக்கம் திரும்பி. "ஒரு மனுஷன் உயிருக்குப் போராடுறதை எல்லாரும் உட்கார்ந்து கேக்கணுமா? எடுங்க!"

ராம்கி அசையவில்லை. திரையில் பார்வையாளர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நோரா கையை நீட்டி பட்டனை அழுத்தினாள். லைன் ஏரிலிருந்து அவள் ஹெட்செட்டுக்கு வந்தது. ஸ்டூடியோவில் சத்தம் நின்றது.

ராம்கி ஏதோ திட்டினார். வேறு வழியில்லாமல் விளம்பரம் போட்டார்கள். ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே பாயசம் சாப்பிட்டது.

ஓசூர் ரோடு ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தா கஷ்டம்" என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது சோஃபியா நோராவின் தோளில் சாய்ந்து அழுதாள். நோரா அழவில்லை. 'இன்னும் கொஞ்சம் தாமதம்' என்றதும் அவளுக்கு அந்தப் புல்லாங்குழல்தான் ஞாபகம் வந்தது.

டேரில் தன் மாமனாருக்காக உண்மையிலேயே பயந்துதான் ஓடி வந்தான். ஆனால் ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. போனை நீட்டினான்.

"பாருங்க அண்ணி. ஊரே பார்த்துட்டாங்க. 'வேலை போனாலும் பரவாயில்லை, அப்பாவைக் காப்பாற்றிய மகள்'னு போட்டிருக்கான். கேஜிஎஃப்ல இருக்கிற என் சித்தப்பா கூட போன் பண்ணி அழறாரு."

வீடியோவில் அந்தப் படி ஏறும் சத்தமும் கோவிந்தனின் குரலும் இருந்தன. நோராவின் குரல் எங்கேயும் இல்லை. இருக்கவும் முடியாது.

"நான்தான் கோவிந்தண்ணனுக்கு முதல்ல பண்ணினேன்" என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. உடனே விழுங்கிக்கொண்டாள். அதைச் சொன்னால் அதற்கு முந்தினதையும் கேட்பார்கள்.

"டேரில், அதை மூடு" என்றாள் சோஃபியா. "அதுல நான் சிரிச்சது இருக்கு. முட்டி மேல ஏறிடுச்சான்னு கேட்டு சிரிச்சேன் அக்கா. எங்கப்பா சாகக் கிடக்கிறாரு, நான் சிரிச்சேன். அதை எப்படி அக்கா நான் மறப்பேன்?"

"உனக்குத் தெரியாதும்மா. நடிக்கிறாருன்னு நெனச்சே."

"தெரியாதுதான். ஆனாலும் சிரிச்சேனே."

பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாத பெண்கள் இரண்டு பேர் எழுந்து வந்து சோஃபியாவின் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். நோரா நகர்ந்து இடம் விட்டாள். செய்த தப்பைக் கூட இவளால் நாலு பேர் முன்னால் சொல்லி அழுது ஆறிவிட முடிகிறது. அதற்கும் ஒரு யோகம் வேண்டும்.

மத்தியானம் ராம்கி ஒரு பூங்கொத்தோடும் ஒரு கேமராமேனோடும் வந்து சேர்ந்தார்.

"சோஃபியா, யாரும் உன்னை வேலையை விட்டு அனுப்பல. சாயங்காலம் இங்கே இருந்தே ஒரு ஸ்பெஷல் லைவ். நீ, உன் கண்ணீர், முடிஞ்சா அப்பா ஒரு கை ஆட்டினா போதும். செட்டப் விஷயத்தை விட்டுடலாம். தற்செயலா அப்பாவே கூப்பிட்டாருன்னு சொல்லிக்கலாம்."

"நான் உண்மையைச் சொல்லிட்டேனே சார்."

"பதற்றத்துல உளறினேன்னு சொல்லு."

"யாரு உளறினது?" என்று ஒரு குரல் கேட்டது. டாக்டர் ரக்ஷிதா. தன் க்ளினிக்கை முடித்துவிட்டு நேரே வந்திருந்தார்.

"ராம்கி, உடம்பு சரியில்லாதவங்க கூப்பிடுங்கன்னு திரையில நம்பர் போடுறது நீங்க. கூப்பிடுறவங்கள்ல ஒருத்தருக்கு நிஜமாவே ஆபத்து வந்தா என்ன செய்யணும்னு உங்ககிட்ட ஒரு ஏற்பாடு இருக்கா? யார் ஆம்புலன்ஸைக் கூப்பிடணும், யார் லைனை ஏர்ல இருந்து எடுக்கணும், யாருக்காவது சொல்லி வெச்சிருக்கீங்களா?"

"மேடம், இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்ல."

"ஆனதுக்கு அப்புறமும் மூச்சு விடுற சத்தத்தை ஓட விட்டீங்களே. அதுக்கு யார் பொறுப்பு?"

ராம்கி பூங்கொத்தைக் கை மாற்றிக்கொண்டார். டாக்டர் விடவில்லை.

"இன்னொண்ணு. ஏர்ல வரும்போதே அவருக்குப் பேச்சு குழறிச்சு. வலி அதுக்கு நல்லா முன்னாடியே வந்திருக்கணும். ஏர்ல வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட பேசினது யாரு? அப்பவே ஏதாவது சொன்னாரா?"

எல்லாரும் நோராவைப் பார்த்தார்கள்.

"கால் வந்த உடனே ஏர்ல போட்டுட்டோம் மேடம். இல்ல, நோரா?" என்றார் ராம்கி. அவருக்கு உண்மை தெரியாது. தனக்குச் சௌகரியமானதைச் சொன்னார்.

"ஆமாம்" என்றாள் நோரா. "உடனே போட்டுட்டேன்."

சோஃபியா அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கையை உதறவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நோரா தவித்தாள்.

ஐசியூ கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பேஷண்ட் முழிச்சிட்டாரு. ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம். பெரிய மகளைக் கூப்பிடச் சொன்னாரு. நோரா யாரு?"

சோஃபியா ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் சுருங்கியதை நோரா பார்த்தாள். அந்தச் சுருக்கம் நோராவுக்கு நன்றாகத் தெரிந்த சுருக்கம். கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான். முதல் தடவையாக அது தங்கையின் முகத்துக்கு வந்திருக்கிறது.

பிறந்ததிலிருந்து நோரா ஆசைப்பட்டது இது ஒன்றைத்தான். ரெண்டு பேரும் நிற்கும்போது அப்பா தன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டார். ஊரே பாராட்டுகிற மகளை விட்டுவிட்டுத் தன்னைக் கூப்பிட்டுவிட்டார். நோரா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"போ அக்கா" என்றாள் சோஃபியா. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. "உன்னைத்தான் கேக்குறாரு."

உள்ளே வயர்களுக்கு நடுவே ஞானசேகரன் சின்ன ஆளாகிக் கிடந்தார். மகளைப் பார்த்ததும் கண்ணை மூடித் திறந்தார்.

"சாப்டியாம்மா?"

நோராவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "பேசாதீங்கப்பா. டாக்டர் பேசக் கூடாதுன்னாரு."

"சோஃபி பயந்துட்டிருப்பா. அவளுக்கு தாங்காது. அதான் உன்னைக் கூப்பிட்டேன்." மூச்சு வாங்கினார். "காலையிலயும் உனக்குத்தான் அடிச்சேன். உன் போன் அடிச்சிக்கினே இருந்துச்சு, எடுக்கல."

"லாக்கர்ல இருந்துச்சுப்பா."

"தெரியும். அதான் டிவி நம்பருக்குப் போட்டேன். நீ எடுப்பேன்னு. நிகழ்ச்சிக்குன்னு நெனச்சுக்கினியாம்மா?"

நோரா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பீட்டர் கூப்பிடவே இல்லை. சோஃபியின் நிகழ்ச்சிக்கு அவர் கூப்பிடவே இல்லை. என்னைக் கூப்பிட்டார். உயிர் போகிற நேரத்தில் இந்த ஊரில் அவருக்கு ஞாபகம் வந்த ஒரே ஆள் நான்.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னேன். அப்படியே இருங்க, லைனை வெச்சிடாதீங்கன்னு சொன்னே" என்றார் ஞானசேகரன் மெதுவாக. குறை சொல்கிற குரல் இல்லை அது. மகள் சொன்னபடி செய்தேன் என்று சொல்கிற குரல். "நீ ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்னு நெனச்சேன். பாட்டு ஓடிக்கினே இருந்துச்சு. அதனாலதான் கோவிந்தனைக் கூட கூப்பிடாம லைன்லயே இருந்தேன்."

"அப்பா..."

"எப்போ சொன்னீங்கப்பா?"

கேட்டது சோஃபியா. கதவு அருகில் நின்றிருந்தாள். உள்ளே வரக் கூடாது என்று சொல்லியும் அவளால் வெளியே நிற்க முடியவில்லை போலும். நோரா திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா, ஏர்ல வர்றதுக்கு முன்னாடியே அப்பா உன்கிட்ட சொன்னாரா?"

(தொடரும்)